ராஜவேலுக்கு நான் கொடுத்த ஞானஸ்நானம்

போர்ட் பிளேரில் ஞானஸ்நான ஆராதனை வைக்க நினைக்கிறவர் வேதத்தைத் திறப்பதற்கு முன்னால் கடல் ஏற்ற இறக்க அட்டவணையைத் திறக்க வேண்டும். கடல் வற்றிய நேரத்தில் போனால் பவளக் கல் மேல் எவ்வளவு தூரம் நடந்தாலும் தண்ணீர் முழங்காலுக்கு மேல் வராது. ஒருமுறை எங்கள் பாஸ்டர் அருண்பிரசாத் அட்டவணை பார்க்காமல் நாள் குறித்துவிட்டு, நான்கு பேரை ஒரு குழிக்குள் படுக்கவைத்து முக்கி எடுத்தார். எழுந்தவர்களுக்கு முதுகெல்லாம் கீறல். ஒரு அம்மாவுக்கு ஊசி போட வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து அட்டவணை பார்ப்பது என் பொறுப்பு.

அந்தச் சனிக்கிழமை கடல் காலை ஒன்பதே காலுக்கு உச்சத்துக்கு வந்தது. போன மாதமே என் டைரியில் குறித்து வைத்திருந்தேன். இதை முன்கூட்டியே போட்ட திட்டம் என்று எழுதிக்கொள்ள வேண்டாம் சார். சபை வேலைக்காகக் குறித்தது.

என் பெயர் பரமசிவம். வயது ஐம்பத்தொன்று. டாலிகஞ்சில் பெயிண்ட் கடை வைத்திருக்கிறேன். டெய்ரி ஃபார்ம் என்கிற பகுதியில் மாடி ஒன்றில் நடக்கும் தமிழ் ஜெபக்கூடத்தில் ஒன்பது வருஷமாக மூப்பராக இருக்கிறேன். இப்படி ஒரு பெயரை வைத்துக்கொண்டு சபைக்கு மூப்பரா என்று புதிதாக வருகிறவர்கள் சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். பெயரை மாற்றினால் ரேஷன் கார்டிலிருந்து ஐலேண்டர் கார்டு வரை எல்லாவற்றையும் மாற்ற வேண்டும், ஆண்டவருக்கு அந்த அலைச்சல் எல்லாம் தேவையில்லை என்பேன். பாஸ்டர் மே மாதம் மெயின்லேண்டுக்கே திரும்பிப் போகிறார். சபையை என் கையில் விட்டுவிட்டுப் போவதாக முடிவாகியிருந்தது. இதை நான் ஆசைப்பட்டுக் கேட்டுப் பெறவில்லை. அவர்களாகத்தான் தந்தார்கள்.

வாக்குமூலத்தைத் தமிழிலேயே எழுதலாம் என்று நீங்கள் அனுமதித்ததற்கு நன்றி. ஹிந்தி பேசுவேன், எழுதினால் பிழை வரும். கான்ஸ்டபிள் ரவிக்குமார் மொழிபெயர்த்துக்கொள்வார். அவர் வீட்டில் தமிழ் பேசுகிறவர், நல்ல பையன்.

வேலாயியைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். வேலாயி டாலிகஞ்சு சந்தையில் மீன் வெட்டிக் கொடுக்கிறவள். அவளுடைய கணவர் நாகராஜ் கொத்தனார். ஆறடி ஆள், எண்பது கிலோவுக்குக் குறையாது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்பு ஜூன் மாதம் ஒரு நாள் வேலைக்குப் போனவர் திரும்பி வரவில்லை. இந்தத் தீவில் ஒரு ஆம்பிளையைக் காணவில்லை என்றால் அவன் மெயின்லேண்டுக்குக் கப்பல் ஏறிவிட்டான் என்றுதான் அர்த்தம். அங்கே இன்னொரு குடும்பம் இருக்கும் என்று பேசுவார்கள். நாகராஜைப் பற்றியும் அப்படியே பேசினார்கள். தோளில் பையோடு கப்பல் ஜெட்டியில் அவரைப் பார்த்ததாக ஒருவர் சொன்னார். அதை வைத்துத்தான் வேலாயி மனதைத் தேற்றிக்கொண்டாள். ஓடிப்போனவன் என்றாலும் உயிரோடு இருக்கிறவன் அல்லவா? சென்னைக் கப்பல் வருகிற நாட்களில் கத்தியைக் கழுவி வைத்துவிட்டு ஜெட்டி கேட்டுக்குப் போய் நிற்பாள்.

ஜெட்டியில் பார்த்ததாகச் சொன்னவன் நான்தான்.

அவளைச் சபைக்கு அழைத்து வந்தவனும் நான்தான். யாரும் இல்லாமல் கிடந்தாள், இரக்கப்பட்டு அழைத்து வந்தேன். ஞானஸ்நானத்துக்கு முன்னால் பெண்கள் நகையைக் கழற்றிவிடுவது எங்கள் சபை வழக்கம். வேலாயி தோட்டைக் கழற்றினாள், மூக்குத்தியைக் கழற்றினாள், தாலியை மட்டும் கழற்ற மாட்டேன் என்றாள். "அவரு வந்து எங்கடின்னு கேட்டா நான் என்ன சொல்றது?" என்றாள். பாஸ்டர் ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டு வருஷம் அவளுக்காக நான் வாதாடினேன். கடைசியில் தாலியோடு அவளை முக்கி எடுத்தது இந்தக் கைகள்தான். வெள்ளிக்கிழமை ஜெபத்தில் விண்ணப்பம் கேட்கும்போது அவள் எழுந்து ஒரே ஒரு வரி சொல்லுவாள்: "எங்க வீட்டுக்காரர் திரும்பி வரணும்." உடனே நான் முழங்கால் போட்டு அதற்காக ஜெபிப்பேன். அந்த ஜெபத்தில் ஒரு நாளும் எனக்கு நாக்குத் தடுமாறியதில்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை, கேட்டதற்குப் பதிலாகச் சொல்கிறேன்.

ராஜவேல் எங்களோடு சேர்ந்தது போன வருஷம். அதற்குப் பல வருஷம் முன்னால் நாங்கள் இருவரும் ஒரே காண்டிராக்டரிடம் வேலை பார்த்தவர்கள். பிக்கப் வண்டிக்கு நான் டிரைவர், அவன் லோடர். என்னைவிட ஆறு வயது சின்னவன். பிறகு அவன் சாத்தம் ஜெட்டிக்குப் போய்விட்டான். பாம்பூஃப்ளாட் படகுக்குச் சாமான் ஏற்றுவான், இறக்குவான், ஆனால் படகில் காலை வைக்க மாட்டான். தண்ணீரைக் கண்டால் அவனுக்கு அப்படி ஒரு பயம். ஜெட்டியில் இருந்த பெங்காலிக்காரர்கள் அவனைக் கேலி செய்து ஓய்ந்துபோனார்கள். கிடைக்கிற கூலியைக் குடித்தே தீர்த்தான். அவன் மனைவி ஷோபா என்னிடம் வந்து அழுததால் அவனைச் சபைக்கு அழைத்தேன். ஆறே மாதத்தில் குடியை விட்டுவிட்டான். ஆண்டவர் அவனைத் தொட்டார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தொட்டதில் கொஞ்சம் அதிகமாகவே தொட்டுவிட்டார்.

எங்கள் சபையில் தண்ணீருக்குள் இறங்குவதற்கு முன்னால் ஒவ்வொருவரும் கரையில் நின்று சாட்சி சொல்ல வேண்டும். பழைய வாழ்க்கையில் என்ன செய்தேன், எப்படி மனந்திரும்பினேன் என்று எல்லோருக்கும் முன்னால் சொல்ல வேண்டும். அதற்கு நானே ஒரு விதி வைத்திருந்தேன்: உன் பாவத்தை மட்டும் சொல், அடுத்தவர் பெயரை எடுக்காதே. ஒருமுறை ஒரு சகோதரி சாட்சி சொல்கிறேன் என்று எழுந்து மாமியார் செய்ததை எல்லாம் சொல்லி முடிப்பதற்குள் நாற்காலி பறந்துவிட்டது. அதிலிருந்து ஞானஸ்நானத்துக்கு முன்னால் நான் எடுக்கும் வகுப்பில் முதல் பாடமே இதுதான்.

நானும் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், அந்த ஜூன் முடிந்து ஆகஸ்டில், சாட்சி சொல்லித்தான் தண்ணீரில் இறங்கினேன். குடிகாரனாக இருந்தேன், கோபக்காரனாக இருந்தேன் என்றேன். சபையே அழுதது. மற்றதை ஆண்டவரிடம் தனியாகச் சொல்லியிருந்தேன். அவர் மன்னித்துவிட்டார். அவர் மன்னித்து மறந்துபோன ஒன்றை மறுபடி மனிதர்களிடம் தூக்கிக்கொண்டு போவது அவரை நம்பாததற்குச் சமம் என்பது என் எண்ணம். இன்றைக்கும் அதுதான் என் எண்ணம்.

பிப்ரவரி மூன்றாம் வாரம், வகுப்பு முடிந்து எல்லோரும் படியிறங்கிப் போன பிறகு ராஜவேல் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

"அண்ணே, நாகராஜண்ணன் விஷயத்தச் சொல்லப் போறேன்" என்றான்.

நான் ஜன்னலைச் சாத்திக்கொண்டிருந்தேன். சாத்தி முடித்துவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

"எதுக்குடா இப்ப? ஆண்டவர் மன்னிச்சுட்டாரு. பஸ், அத்தோட முடிஞ்சுது."

"ஆண்டவர் மன்னிப்பாருண்ணே. வேலாயியக்கா தாலியப் போட்டுக்கிட்டு ஒவ்வொரு கப்பலுக்கும் போய் நிக்குதே, அதுக்கு என்ன பண்றது? எனக்கு ஜெட்டியிலேர்ந்து தெரியும்ணே. கேட்டப் புடிச்சிக்கிட்டு ஒவ்வொருத்தன் மூஞ்சியா பாக்குது. விதவைன்னுகூட அதுக்குத் தெரியல."

"சொன்னா போலீஸ் வருமே, யோசிச்சியா?"

"வரட்டும்ணே. உங்க பேரு வராது. நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க, அடுத்தவன் பேரச் சொல்லக் கூடாதுன்னு."

அவன் சிரித்தான். வகுப்பில் சரியான பதில் சொல்லிவிட்ட பிள்ளையின் சிரிப்பு. பயந்தேன் சார், அதை மறைக்கவில்லை. பெயரைச் சொல்ல மாட்டான் என்று எனக்குத் தெரியும், அவன் அந்த மாதிரி ஆள் இல்லை. ஆனால் போலீஸ் உட்காரவைத்து இரண்டு கேள்வி கேட்டால் அவன் முகமே எல்லாவற்றையும் சொல்லிவிடும். பிறகு அந்த மாடியில் யார் ஜெபம் நடத்துவது? நாற்பத்திரண்டு குடும்பம் சார். அவர்களுடைய விசுவாசம் என்ன ஆகும்? வேலாயியையும் நினைத்தேன். பன்னிரண்டு வருஷமாக அவளைத் தாங்கிப் பிடித்திருப்பது ஒரே ஒரு நம்பிக்கை. அதை அவளிடமிருந்து பிடுங்கி ராஜவேல் தன் மனதை லேசாக்கிக்கொள்ளப் பார்க்கிறான் என்று தோன்றியது. அதில் எனக்கு அவன் மேல் கோபம்கூட வந்தது.

நாகராஜ் விஷயம் ஒரு விபத்து. பிற்பகல் இரண்டு மணி, கொட்டுகிற மழை, ரோட்டில் ஈ காக்கா இல்லை. நான் கொஞ்சம் குடித்திருந்தேன். வளைவில் குடையோடு நடந்து போனவரை வண்டி தூக்கிப் போட்டது. இறங்கிப் பார்த்தோம், நாகராஜ். தொடை எலும்பு வெளியே தெரிந்தது. இருவரும் சேர்ந்து வண்டியின் பின்னால் தூக்கிப் போட்டோம்.

"பாவம்ணே, உயிர் இருக்குண்ணே, ஆஸ்பத்திரிக்கு விடுங்கண்ணே" என்று ராஜவேல் அழுதான். நேற்று வாயால் இதைச் சொன்னபோது ரவிக்குமார் பேனாவை நிறுத்தி, இந்தப் பாவம் ஹிந்தியில் பாதகம் என்கிற 'பாப்' என்று வருமா, ஐயோ பாவம் என்கிற 'பேச்சாரா' என்று வருமா என்று கேட்டார். இரக்கப்பட்டுச் சொன்னதுதான், 'பேச்சாரா' என்றே போடுங்கள் என்றேன். அன்றைக்கும் எனக்கு அப்படித்தான் காதில் விழுந்தது.

ஆஸ்பத்திரிக்கு நான் விடவில்லை. மாங்குரோவ் காட்டுக்குள் போகிற ஓடை ஒன்று, முதலை இருக்கிறது என்று அரசாங்கம் போர்டு நட்டிருக்கும் இடம், அங்கே விட்டேன். அதை மட்டும் இப்போதைக்குச் சொல்லி நிறுத்துகிறேன், மீதி பின்னால் வருகிறது.

ராஜவேலின் ஞானஸ்நானம் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு. அவனோடு இன்னும் மூன்று பேர். வியாழக்கிழமை ஷோபா போன் செய்து, அவர் தண்ணீரை நினைத்து ராத்திரியெல்லாம் தூங்குவதில்லை, கரையிலேயே மயங்கி விழுந்துவிடுவார் போலிருக்கிறது என்றாள். சனிக்கிழமை காலையில் அனுப்பு, நான் கூட்டிப்போய்ப் பழக்கி விடுகிறேன் என்றேன். முந்தின நாள் மூப்பர் போய் ஆழம் பார்த்து, எவ்வளவு தூரம் நடக்கலாம் என்று குச்சி நட்டுவிட்டு வருவது வழக்கம்தான். அதனால் யாருக்கும் இதில் வித்தியாசமாக ஒன்றும் படவில்லை. எனக்கே படவில்லை. கடை திறப்பதைப் பையனிடம் சொல்லிவிட்டுப் போவதுபோலத்தான் கிளம்பினேன்.

டாலிகஞ்சிலிருந்து என் ஸ்கூட்டரில் தெற்கே அரை மணி நேரம். பேர் சொல்லும்படியான கடற்கரை இல்லை, தென்னந்தோப்புக்குப் பின்னால் ஒரு சின்ன வளைவு. ராஜவேல் பின்னால் உட்கார்ந்து என் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தான். ஷோபா பிளாஸ்கில் டீ கொடுத்து விட்டிருந்தாள், கூடவே ஒரு பொட்டலம் ரஸ்க். தண்ணீரில் இறங்கிவிட்டு வந்து குடிக்கலாம் என்றான். போகிற வழியில் அவன்தான் பேசிக்கொண்டே வந்தான். வெள்ளைச் சட்டை வாங்கியாயிற்றாம், ஆனால் தையற்காரர் கழுத்தை அளவு தவறித் தைத்துவிட்டாராம். அந்தக் கழுத்தைப் பற்றியே இரண்டு கிலோமீட்டர் பேசினான்.

அரைக்கால் சட்டையும் பனியனுமாகக் கரையில் நின்றான். அலை கணுக்காலைத் தொட்டதும் உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. கையைப் பிடித்து மெதுவாக நடத்திக் கூட்டிப்போனேன். முழங்கால், தொடை, இடுப்பு. இடுப்புக்கு வந்ததும் என் கையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

"அண்ணே, கையை விட்டுராதீங்க."

"விட மாட்டேன்டா."

"தோ மினிட், ரெண்டே நிமிஷம் நிப்போம்ணே. மூச்சு வாங்குது."

நின்றோம். அவசரப்படுத்தவில்லை. அவன் சொன்னபோதுதான் ஆரம்பித்தோம். கையை மார்பில் மடித்துக்கொள், மூக்கைப் பிடித்துக்கொள், நான் முதுகைத் தாங்குவேன், பின்னால் சாய் என்றேன். வகுப்பில் பத்துத் தடவை சொன்னதுதான். மடித்தான், பிடித்தான், கண்ணை மூடிக்கொண்டான். பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் பெயரைச் சொல்லி அவனைச் சாய்த்தேன். ஒத்திகைக்கு அந்த வார்த்தைகளைச் சொல்லத் தேவையில்லை. நான் முழுசாகவே சொன்னேன். அதனால் முறைப்படி அது ஞானஸ்நானம்தான், எந்தப் பாஸ்டரைக் கேட்டாலும் ஒத்துக்கொள்வார்.

கொடுத்து முடித்ததும் தூக்கி நிறுத்த வேண்டும். நான் தூக்கவில்லை.

முதல் சில விநாடி அவன் அப்படியே கிடந்தான். இன்னும் கொஞ்ச நேரம் இப்படித்தான் போலிருக்கிறது என்று நம்பிக் கிடந்தான். பிறகு கண்ணைத் திறந்தான். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது, என்னைப் பார்ப்பது தெரிந்தது. கையை மார்பிலிருந்து எடுத்து என் பனியனைப் பிடித்தான். நான் முழங்காலை அவன் வயிற்றில் ஊன்றி, ஒரு கையால் தொண்டையையும் ஒரு கையால் நெற்றியையும் அழுத்தினேன். ஜெட்டியில் மூட்டை தூக்குகிறவன் சார், சாமானியமான பலம் இல்லை. இரண்டு தடவை என்னைக் கவிழ்க்கப் பார்த்தான். ஒரு தடவை முகம் மேலே வந்துவிட்டது. "அண்ணே" என்றான், பாதியிலேயே அமுக்கினேன். என் இடது கை அவன் வாயில் சிக்கியது. கட்டை விரலுக்குக் கீழே பல் எலும்பு வரைக்கும் இறங்கியது. நான் கையை இழுக்கவில்லை. அந்த வலியை இப்போதும் தாங்கிக்கொண்டுதான் எழுதுகிறேன். காலால் மணலைக் கிளறிக்கொண்டே இருந்தான், தண்ணீர் கலங்கி முகம் மறைந்துவிட்டது. அது எனக்கு வசதியாக இருந்தது. பெரிய குமிழ்கள் வந்தன, பிறகு சின்னச் சின்னதாக வந்தன, பிறகு ஒன்றும் வரவில்லை. அதற்குப் பிறகும் ஆண்டவர் கற்றுக்கொடுத்த ஜெபத்தை இரண்டு தடவை முழுசாகச் சொல்கிற நேரம் வைத்திருந்தேன். கையை விட மாட்டேன் என்று சொல்லியிருந்தேன், விடவில்லை.

கரைக்கு இழுத்துப் போட்டேன். "பச்சாவ், பச்சாவ்" என்று ஹிந்தியில் காப்பாற்றச் சொல்லிக் கத்தினேன். தோப்புக்குள்ளிருந்து இரண்டு தெலுங்குக்கார மீனவர்கள் ஓடி வந்தார்கள். அவன் நெஞ்சில் குத்திக் குத்தி என் கையே வீங்கிவிட்டது. பயத்தில் வலிப்பு வந்துவிட்டது, தூக்கப் பார்த்தேன், முடியவில்லை என்றேன். மீனவரில் ஒருவர் என் கைக் காயத்தைப் பார்த்துத் தன் துண்டைக் கிழித்துக் கட்டிவிட்டார். பவளக் கல் கிழித்தது என்று சொன்னேன். பிளாஸ்க் மணலில் அப்படியே நின்றது.

அடக்கத்தின்போது நான்தான் செய்தி கொடுத்தேன். மனந்திரும்பிய கையோடே எடுத்துக்கொள்ளப்பட்டவன் எவ்வளவு பாக்கியவான் என்று பேசினேன். அதை நம்பித்தான் பேசினேன். குடியை விட்டு, பாவத்துக்காக அழுது, முழுக்கு எடுத்து, மறுபடி விழுவதற்கு நேரமே இல்லாமல் போய்ச் சேர்ந்தவன். நம்மில் எத்தனை பேருக்கு அது வாய்க்கும்? ஷோபா என் கையைப் பிடித்துக்கொண்டு, கடைசி நிமிஷத்தில் நீங்களாவது பக்கத்தில் இருந்தீங்களே அண்ணே என்று அழுதாள். எனக்கும் அழுகை வந்துவிட்டது. அது நடிப்பில்லை.

எட்டாம் நாள் ஜெபக்கூடத்தில் நினைவு ஆராதனை. ஷோபா அவனுடைய வேதத்துக்குள்ளிருந்து ஒரு கோடு போட்ட நோட்டுத் தாளை எடுத்துப் பாஸ்டரிடம் கொடுத்தாள். கூட்டத்துக்கு முன்னால் பேச வராது என்று சாட்சியை எழுதி வைத்திருக்கிறான். அவர் வாயால் சொல்ல முடியாமல் போனதைச் சபை கேட்கட்டும் என்றாள். பாஸ்டர் முன்கூட்டிப் படித்துப் பார்க்காமல் அப்படியே நின்று வாசிக்க ஆரம்பித்துவிட்டார். நான் முன் வரிசையில் உட்கார்ந்திருந்தேன்.

மூன்றாவது வரியிலேயே பாஸ்டர் தாளைக் கண்ணருகே கொண்டுபோனார். ஆனாலும் நிறுத்தவில்லை. தாள் இப்போது உங்களிடம்தான் இருக்கிறது. அதில் இருந்தது ஏறக்குறைய இதுதான்:

"வேலாயியக்கா, என்னை மன்னிச்சிருங்க. உங்க வீட்டுக்காரர் கப்பல் ஏறலை. நான்தான் மழையில காண்டிராக்டர் பிக்கப்ப ஓட்டிட்டுப் போய் அவர் மேல ஏத்துனேன். உயிர் இருந்துச்சு. என் பேரச் சொல்லி ஆஸ்பத்திரிக்குப் போப்பான்னு கேட்டாரு. வெளியில சொல்லிருவாருன்னு நான்தான் ஜாக்கி லிவரால அடிச்சேன். ஏழு தடவ. அப்புறம் நான்தான் ஓடையில போட்டேன். நான் ஒருத்தன்தான். இனிமே நீங்க ஜெட்டிக்குப் போக வேண்டாங்கா."

எனக்கு முதலில் வந்தது நிம்மதி சார். உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. ஒரு இடத்தில்கூட என்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அடுத்தவன் பாவத்தைச் சொல்லாதே என்றுதான் நான் கற்றுக்கொடுத்திருந்தேன். அவன் அதை எடுத்துத் தன்னுடையதாகவே எழுதிக்கொண்டிருக்கிறான். அன்றைக்குக் கடலுக்குக் கூட்டிப் போகாமல் விட்டிருந்தாலும் எனக்கு ஒன்றும் ஆகியிருக்காது என்பது அப்போதுதான் புரிந்தது. கொஞ்சம் வருத்தமாக இருந்தது. தெரிந்திருந்தால் அந்தச் சிரமமே பட்டிருக்க வேண்டாம்.

வேலாயி பெண்கள் பக்கத்தில் பின்னாலிருந்து எழுந்தாள். அழவில்லை. நடுவில் விட்ட பாதையில் மெதுவாக நடந்து வந்தாள்.

"பாஸ்டர்," என்றாள், "ராஜவேல் தம்பிக்கு வண்டி ஓட்டத் தெரியாதே."

பாஸ்டர் தாளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"சைக்கிளே சரியா வராது அதுக்கு. காண்டிராக்டர் வண்டிய டிரைவரத் தவிர வேற யாரும் தொட்டதில்ல. டாலிகஞ்சுல யாரக் கேட்டாலும் சொல்லுவாங்க." பிறகு என் பக்கம் திரும்பினாள். "எங்க வீட்டுக்காரரு எம்பது கிலோ. அவர ஒருத்தனா எப்படிண்ணே வண்டியில தூக்கிப் போட்டிருக்கும் அது?"

அவள் என் இடது கையை எடுத்தாள். கட்டைப் பிரித்தாள். மீன் வெட்டுகிற கை, முடிச்சு ஒரே இழுப்பில் அவிழ்ந்துவிட்டது.

"கல்லு கிழிச்சா கோடா கிழிக்கும்ணே. இது பல்லு."

என் கையை மெதுவாகத் திரும்ப மடியிலேயே வைத்தாள். ஒரு அடி, ஒரு வசவு, ஒன்றுமில்லை. அங்கேயே நின்று, பாஸ்டர் இரண்டு வருஷம் கேட்டும் கழற்றாததைத் தலை வழியாகக் கழற்றி, கைக்குள் மூடிக்கொண்டு, படியிறங்கிப் போனாள். உங்கள் ஸ்டேஷனுக்குத்தான் வந்திருக்கிறாள். அரை மணி நேரத்தில் உங்கள் ஜீப் வந்தது. அதுவரைக்கும் நான் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். சபையும் உட்கார்ந்திருந்தது. யாராவது ஒரு பாட்டாவது ஆரம்பித்திருக்கலாம்.

இப்போது முறையாகச் சொல்லிவிடுகிறேன். வண்டியை ஓட்டியது நான். "பரமசிவம், ஆஸ்பத்திரிக்குப் போப்பா" என்று நாகராஜ் என் பெயரைச் சொல்லித்தான் கேட்டார், அதனால்தான் அவர் பிழைத்தால் சரிப்படாது என்று முடிவு செய்தேன். ஜாக்கி லிவரால் தலையில் அடித்தது நான். எத்தனை தடவை என்று நான் எண்ணவில்லை, ராஜவேல் எண்ணியிருக்கிறான். ஓடைக்குள் தள்ளும்போது அவர் விரல்கள் வண்டியின் பின்பலகையைப் பிடித்திருந்தன. அவற்றைப் பிரித்துவிட்டதும் நான். ராஜவேல் செய்தது எல்லாம், தூக்குவதற்குக் கை கொடுத்ததும், ஓரமாக உட்கார்ந்து வாந்தி எடுத்ததும்தான். ராஜவேலைக் கொன்றதும் நான். யாரும் என்னை அடித்தோ மிரட்டியோ இதை வாங்கவில்லை.

நேற்று மாலை பாஸ்டர் பார்க்க வந்தார். கம்பிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார். பிறகு, மனந்திரும்ப வேண்டியது ஏதாவது இருக்கிறதா பிரதர் என்று கேட்டார். நானும் யோசித்துப் பார்த்துத்தான் பதில் சொன்னேன். ஒன்று இருக்கிறது என்றேன். அந்தத் தாளில் நான்தான், நான்தான் என்று ராஜவேல் எழுதியிருப்பது அத்தனையும் பொய். பொய்யை எழுதி வேதத்துக்குள் மடித்து வைத்துவிட்டு, அதற்காக மன்னிப்புக் கேட்காமலே தண்ணீருக்குள் இறங்கியிருக்கிறான். பொய்யோடு போகிறவர்களுடைய முடிவு என்னவென்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். முகம் ஒரு தடவை மேலே வந்தபோது நான் கொஞ்சம் பொறுத்து, சொல்ல வேண்டியது ஏதாவது இருக்கிறதாடா என்று கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் விட்டது என் தவறு. அது ஒன்றுக்காகத்தான் தினமும் முழங்கால் போடுகிறேன், ஆண்டவர் அவனை மன்னிக்க வேண்டும் என்று.